பார்க்காமல் பிடித்த கை

மாலை நான்கு மணி பத்து. எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் தொங்கும் வட்ட மணிக்கூட்டில் நான் கண்ட நேரம் அது. அதற்குப் பிறகு வெகுநேரம் அந்த மணிக்கூட்டைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. பச்சை விளிம்பு, ஆறாம் இலக்கத்தின் மேல் காய்ந்துபோன பல்லி எச்சம், ஒன்பதைத் தாண்டும்போது மட்டும் சற்றுத் தயங்கும் நொடிமுள். பல வருடங்களாகச் சுவரில் கிடக்கும் பொருளை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். பார்க்கத் துடித்த வேறொன்று என் கைக்குக் கீழே இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

சொன்னவர் கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியின் இருதய வார்டில் இருந்த தாதி. எல்லோரும் 'மிஸ்' என்றுதான் அழைத்தோம். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. சீகிரியாவில் ஹோட்டல் வேலை பார்க்கும் என் மகனுக்கு விருந்தினரின் பெட்டியோடு படி ஏறும்போது நெஞ்சு பிடித்துக்கொண்டது. முப்பத்தொரு வயதுப் பையன். இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க அஞ்சியோகிராம் செய்தார்கள். மணிக்கட்டில் இருக்கும் இரத்தக் குழாய் ஒத்துழைக்காததால் வலது தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். பெரிய அடைப்பு இல்லை, மருந்து போதும் என்று டாக்டர் சொன்னதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மிஸ்ஸுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பித்தது. குழாயை வெளியே எடுத்ததும் அந்த இடத்தில் விரல்களை வைத்து, கையை நேராக நீட்டி, உடம்பின் பாரத்தை எல்லாம் அதில் இறக்கி அழுத்திக்கொண்டு நின்றார். கண் காயத்தில் இல்லை, எதிர்ச்சுவர் மணிக்கூட்டில் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் தன் மகளின் நடன வகுப்பைப் பற்றிச் சிங்களத்தில் பேசிக்கொண்டே நின்றார். விரல்கள் மட்டும் அசையவில்லை. நகங்கள் வெளுத்திருந்தன. அந்தச் சாதாரணப் பேச்சுக்கும் அந்த அசையாத விரல்களுக்கும் நடுவில்தான் என் மகனின் உயிர் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

நான் பயந்த சுபாவக்காரி. அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பேன். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்து வைத்தே அவனை எழுப்பிவிடுவேன். வார்டிலும் அப்படித்தான். அவன் காலை நீட்டி அசையாமல் படுத்திருக்க, நான் போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி இருந்தேன். மிஸ் கவனித்துவிட்டார். தமிழும் சிங்களமும் கலந்து, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அம்மா டீச்சர்தானே? பிள்ளை பரீட்சை எழுதுறப்போ ஒவ்வொரு வரிக்கும் பேப்பரைப் பிடுங்கிப் பாப்பீங்களா?"

"இல்ல மிஸ்."

"அப்போ ரத்தத்தையும் எழுத விடுங்க."

வீட்டுக்கு அனுப்பும் காலையில் என் கையைப் பிடித்து மகனின் தொடை இடுக்கில் வைத்தார். அவன் வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். சின்ன வயதில் குளிப்பாட்டி விட்டதற்குப் பிறகு நான் தொடாத உடம்பு. ஊசித் துளை ஒரு மிளகளவுகூட இல்லை. அதற்குச் சற்று மேலே என் விரல்களை அழுத்தினார். உள்ளே ஒரு துடிப்பு, குதிரை ஓடுவதுபோல. "இது நேரா இருதயத்திலருந்து வருது" என்றார். குனியக் கூடாது, குந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இருமினால், தும்மினால், சிரித்தால்கூட அந்த இடத்தைக் கையால் தாங்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். இரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை எடுப்பதால் இன்னும் கவனம் வேண்டும் என்றார். "ரத்தம் வந்துட்டா படுக்க வச்சு இங்க பிடிங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க. நின்னுச்சான்னு பாக்கக் கையை எடுக்காதீங்க. பாக்கணும்னா மணிக்கூட்டைப் பாருங்க."

அதற்கு மறுநாள் போயா, பௌர்ணமி. லீவு நாளானதால் அலுவிகாரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆள் மாறி ஆள் வந்தார்கள். எங்கள் சனத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், தன்னைப் பார்க்க வரும் பெரியவர்களின் காலில் விழுந்து திருநீறு வாங்க வேண்டும். சொல்லிக் கொடுக்காமலே உடம்பில் ஊறிய பழக்கம். அதனால் காலையிலிருந்து வாசலிலேயே நின்று, "அவன் படுத்துக்கிட்டேதான் கும்பிடுவான், கோவிச்சுக்காதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி உள்ளே விட்டேன். "டீச்சர் வீட்டுக்குள்ள போகவும் பாஸ் வேணுமோ?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தார்.

நான்கு மணிக்கு அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கணவர் மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அந்தச் சமயம் பார்த்து ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் அண்ணன் ஒரு பை ரம்புட்டானோடு வந்துவிட்டார். தாய்மாமன். மகனுக்கு உயிர். குரல் கேட்டதும் அவன் எழுந்து, இடுப்பை மடக்கி, அப்படியே அவர் காலில் விழுந்திருக்கிறான். "ஐயோ, படுங்க மாப்புள" என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. "அம்மா" என்று அவன் கூப்பிட்டான். அது முப்பத்தொரு வயதுக் குரல் இல்லை.

நான் ஓடி வந்தபோது அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. அவனைத் தரையிலேயே மல்லாத்திப் படுக்க வைத்தேன். தோளில் கிடந்த துவாயை மடித்து வைத்து, மிஸ் காட்டிய இடத்தில் கையை நேராக நீட்டி என் பாரத்தை எல்லாம் இறக்கினேன். நிமிர்ந்தேன். நான்கு மணி பத்து.

"காப்பித்தூள் எங்க இருக்கு தங்கச்சி? அள்ளி அப்பினா நின்னுரும்" என்று அண்ணன் பதறினார்.

"ஒண்ணும் வேணாண்ணே. ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க."

அவர் பேசி முடித்துவிட்டு மறுபடியும் பக்கத்தில் குந்தினார். "ஒருக்கா எடுத்துத்தான் பாரேன், நின்னுச்சா இல்லையான்னு." துவாயின் ஓரத்தைத் தூக்கக் கையும் நீட்டினார்.

"கைய வைக்காதீங்க!"

அப்பா போன பிறகு எனக்கு அப்பாவாக இருந்த மனிதரை வாழ்க்கையில் முதல் தடவையாக அதட்டினேன். அவர் எழுந்து, ஆம்புலன்சுக்கு வழி காட்ட ரோட்டுக்குப் போய்விட்டார். போயாவுக்கு விகாரைக்கு வந்த வாகனங்களால் ரோடு நிறைந்து கிடந்தது. அதன் இரைச்சல் உள்ளே கேட்டது.

பார்க்க வேண்டும் என்ற ஆசை பசியைவிடக் கொடியது என்று அப்போது தெரிந்தது. விரல் நுனி ஈரமாக இருந்தது. அது என் வியர்வையா, அவன் இரத்தமா? ஒரு கணம் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நொடிமுள் ஒன்பதில் தயங்கும் ஒவ்வொரு முறையும் நானும் தயங்கினேன். தோள் வலித்தது, பிறகு மரத்துப்போனது. ஆனால் விரல்களுக்குக் கீழே அந்தத் துடிப்பு மட்டும் தொடர்ந்து வந்து மோதிக்கொண்டிருந்தது. ஒரு முழு மனிதன், அவனுடைய சிரிப்பு, கோபம், மாமன்மேல் வைத்த பாசம் எல்லாம் ஒரு மிளகளவு துளைக்குப் பின்னால் நிற்கிறது. என் நான்கு விரல்கள்தான் கதவு. அந்தத் துளைக்குள் இரத்தம் தன்னைத் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும், யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்பதை நினைக்க நினைக்க எனக்குப் பயத்தைவிட வியப்பே பெரிதானது. அந்தத் தாதி ஒவ்வொரு நாளும் இப்படி எத்தனை பேருக்குக் கதவாக நிற்கிறார்!

"பரீட்சை ஹால்ல நிக்கிற மாதிரியே மணிக்கூட்டைப் பாக்குறீங்கம்மா" என்றான் மகன், வெளிறிய உதட்டோடு.

"சிரிக்காதடா, வாய மூடிக்கிட்டுப் படு."

இன்று அவன் திரும்பவும் வேலைக்குப் போகிறான். பெட்டி தூக்குவதில்லை, வரவேற்பு மேசையில் இருக்கிறான். அண்ணன் வந்தால் இப்போது வாசலிலிருந்தே "எந்திரிக்காதீங்க மாப்புள" என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவார். மணிக்கூடு அதே சுவரில் இருக்கிறது. பல்லி எச்சத்தை நான் துடைக்கவில்லை. மாலையில் முள் நான்கு பத்துக்கு வரும்போது தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருக்கும் விரல்கள் தாமாக இறுகிக்கொள்கின்றன.

அன்று ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அண்ணன் முன்னே ஓடி வர, பின்னால் சீருடையில் ஒரு சிங்களப் பெண் வந்தாள். என் மகனைவிடச் சின்னவள். முழங்காலில் உட்கார்ந்து, கையுறை மாட்டிய விரல்களை என் விரல்களுக்குப் பக்கத்தில் நுழைத்து அழுத்தினாள். என் கையை எடுக்கத் தெரியாமல் நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே மற்றக் கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அழுத்தத்தை மெல்லத் தளர்த்தி, துவாயைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தட்டினாள்.

"ரத்தம் நின்னது. அம்மா, இப்ப பாருங்க."