மூச்சைக் கவனித்த மாலை

பட்டறையில் ஆட்குறைப்பு செய்து என்னை அனுப்பிய பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை, சோறும் இறங்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இளைஞர்களுக்குத் தேகப்பயிற்சி நடத்தும் ஒரு சங்கத்தில் சேர்ந்தேன். நடக்கும்போது மூச்சை மட்டும் கவனி, மற்றதை விட்டுவிடு என்றார்கள்.

தண்டவாளத்தின் ஓரமாக நடந்து பழகினேன். ஒரு மாலை, எப்போது நடுவே இறங்கினேன் என்றே தெரியாது. யாரோ சட்டையைப் பிடித்து இழுக்க, இருவரும் சரளையில் விழுந்தோம். எஞ்சின் ஊதிக்கொண்டே கடந்து போனது. இழுத்தவர் தண்டவாள வேலைக்காரர்.

"இவ்வளவு ஊதுறான், காது கேக்கலையா தம்பி? சாகவா வந்தே?"

"இல்லைண்ணே, மூச்சைக் கவனிச்சுக்கிட்டு வந்தேன்."

வீடு வரும்வரை அவர் என் கையை விடவில்லை.

அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அம்மா நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால், எனக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

என்னைப்போல் மனம் சோர்ந்தவர்கள் தனியாக இந்தப் பயிற்சி செய்ய வேண்டாம். நான் இப்போது ரோட்டோரமாகத்தான் நடக்கிறேன். அம்மா சற்றுத் தள்ளிப் பின்னால் வருகிறாள். திரும்பிப் பார்த்தால், "நான் பாசாருக்குப் போறேன், நீ போப்பா" என்பாள். பொழுது சாயும் நேரத்தில் பாசார் ஏது? அது காலைச் சந்தை.

மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டேன். அவளுடைய கட்டைச் செருப்புச் சத்தத்தைக் கவனித்துக்கொண்டே நடக்கிறேன்.