தலைப்புக்குக் காத்திருந்த அறிவிப்பு

சர்க்கார் சொல்வதை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருவதுதான் தாலுகா கச்சேரியில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவின் வேலை. புரிந்ததா என்று பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல. ஆபீஸ் வராந்தாவில் கால் கடுக்க நின்றவர்களுக்கும், உள்ளே உட்கார்ந்து அவர்களை நிற்க வைத்தவர்களுக்கும் நான் சொல்லப் போவது புதிதாக இருக்காது. யுத்த காலத்தில், சேலத்துக்கு மேற்கே ஒரு கச்சேரியில் நான் பட்டதும், என்னால் பிறர் பட்டதும் இவை.

ஒரு பகல் வேலை

அந்த வருஷம் நூல் பஞ்சம். எடப்பாடியில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. ஒரு திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: தறி வைத்திருப்பவர்கள் மாசக் கடைசிக்குள் கச்சேரியில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், பதியாதவர்களுக்கு நூல் கார்டு கிடையாது. கார்டு இல்லாவிட்டால் நூல் இல்லை, நூல் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. மாசக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் தமிழில் எழுதி முடித்து ஹெட் குமாஸ்தாவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. வடக்கே வெகுகாலம் இருந்துவிட்டுப் புதிதாக வந்திருந்த அதிகாரி, இனி எல்லா அறிவிப்பும் தமிழோடு இந்தியிலும் வர வேண்டும், இரண்டையும் சேர்த்தே ஒட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார். கடைவீதி முஸ்லிம் வியாபாரிகளுக்குத் தமிழ் தெரியாது என்பது அவர் எண்ணம். கச்சேரியில் இந்தி தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தது என்றால், சாயங்கால வகுப்பில் மூன்று மாதம். உள்ளே இருந்த சங்கதியை அகராதியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிட்டேன். உச்சியில் பெரிய எழுத்தில் போட வேண்டிய 'அறிவிப்பு' என்ற ஒரே சொல்லுக்கு மட்டும் அகராதி நாலைந்து சொற்களைக் காட்டியது. எதைப் போடுவது என்று விழித்தேன். ஹெட் குமாஸ்தா சொன்னார்: "அர்த்தம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை ஓய், எழுத்து முத்து முத்தா இருக்கணும்."

காதர் பாய் கடையில்

யாருக்காக இந்தப் பாடோ அவர்களையே கேட்டுவிடலாம் என்று மறுநாள் காதர் பாயிடம் போனேன். கடைவீதியில் வெல்ல மண்டி வைத்திருந்தவர். விஷயத்தைச் சொன்னதும், எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கூட்டுல அத்தா காலத்துல இருந்து தமிழ்தானுங்க. ஓதறதுக்கு அரபி, ஏசறதுக்குத் தமிழு. நீங்க சொல்ற பாஷை இந்த வீதியில ஆருக்குந் தெரியாதுங்க."

பண்டிதரும் ஹவில்தாரும்

காதர் பாய் சொன்னதை ஹெட் குமாஸ்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை; உத்தரவு உத்தரவுதான் என்றார். என் இந்தி வகுப்புப் பண்டிதர் 'சூசனா' என்றார். ஊருக்குத் திரும்பியிருந்த பட்டாளத்து ஹவில்தார் ஒருவர், அப்படியெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள், 'இஷ்திஹார்' என்பதே சரி என்றார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லப் போய், இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றதுதான் மிச்சம். இரண்டையும் எழுதி மேலே அனுப்பினேன். முகாமில் இருந்த அதிகாரியைத் தேடி ஊர் ஊராகப் போன கோப்பு, ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்ற குறிப்போடு ஆறாம் நாள் திரும்பியது. 'எதுவென்று தாங்களே அருள்கூர்ந்து' என்று பணிவாக எழுதி மறுபடி அனுப்பினோம். எந்தச் சொல்லானால் என்ன, தெரியாதவருக்குத் தெரிவிப்பது என்றுதான் அர்த்தம். அதை மட்டும் நாங்கள் செய்யவில்லை. பண்டிதர் கடைசியாக என்னிடம் சொன்னது: "பட்டாளத்து இந்தியை நம்பினா உருப்பட்ட மாதிரிதான்."

செல்லம்மா வந்த நாள்

எட்டாம் நாள் எடப்பாடியிலிருந்து செல்லம்மா என்ற நெசவுக்காரப் பெண் வந்தாள். புருஷனுக்கு இழுப்பு நோய். இரண்டு தறியையும் அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி மருந்துப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, நூலுக்கு ஏதாச்சும் வழி பொறந்துதுங்களா?" என்று கேட்டாள்.

பதிவுப் புத்தகம் என் மேஜைமேல்தான் இருந்தது. ஹெட் குமாஸ்தாவுக்கு வேண்டியவர்கள் நாலைந்து பேர் பெயர் அதில் ஏறிவிட்டது. ஒட்டாத அறிவிப்பை வாயால் சொல்லக் கூடாது என்று விதி. அவர் அதை மீறிவிட்டு எதிரே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நான் மீறவில்லை. பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே திட்டிக்கொண்டது பிற்பாடுதான். அப்போது, "அறிவிப்பு வரும், போம்மா" என்றேன். அவள் கும்பிட்டாள்.

"சரிங்க சாமி. தமுக்குச் சத்தம் கேட்டா ஓடியாரேனுங்க."

தமுக்கு

'இஷ்திஹார்' என்ற சொல்லை அதிகாரி சிவப்பு மையில் எழுதி அனுப்பிய கோப்பு பதினோராம் நாள் வந்தது. நகல் எடுக்க ஒரு நாள். பதின்மூன்றாம் நாள், பசைச் சட்டியோடும் தமுக்கடிக்கும் பழனியோடும் மாட்டு வண்டியில் எடப்பாடிக்குப் போனேன். வழியில் தலைப்பைப் படித்துக் காட்டினேன். பழனி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "இஸ்தியாருங்களா? எங்கப்பன் காலத்துல இருந்து நாங்க அப்படித்தானுங்க சொல்றோம். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றான்.

நெசவாளர் தெருவில் தமுக்கு முழங்கியதும் கூட்டம் சேர்ந்தது. எல்லோருக்கும் முன்னால் செல்லம்மா, கையில் சுற்றிய பாவு நூலோடு ஓடி வந்து நின்றாள். தமிழில் படித்தேன், உத்தரவுப்படி இந்தியிலும் படித்தேன். கடைசி நாள் எது என்று ஒரு பெரியவர் கேட்டார். "நேற்று" என்றேன். கல்லெடுத்து அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

செல்லம்மா மட்டும் போகவில்லை. அறிவிப்பைக் கேட்டுப் புரிந்துகொண்டதாக இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்காமல் நான் திரும்ப முடியாது. பெரியவர் போகும்போதே போட்டுவிட்டார். இன்னொன்று வேண்டும் என்று இவளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து அவளே கட்டைவிரலை நீட்டினாள்.

"நல்லாப் புரிஞ்சுதுங்க சாமி. கைநாட்டு எங்க வெக்கோணுங்க?"

கடைசி நாளைத் தள்ளிப் போட்டுத் தரும்படி நான் எழுதியதற்கு மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை என்றாலும், இந்தி எழுத்து முத்து முத்தாக இருந்தது என்று பாராட்டு வந்தது.