சிந்தாவின் அல்பம்

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு கைவேலைச் சாமான் கடையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கும் கைவேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொத்தான் தைத்தால் சட்டையோடு சேர்த்து விரலையும் தைத்துவிடுகிற ஆள் நான். மலிவு விற்பனை என்றால் கால் தானாகப் போகும், அவ்வளவுதான். தட்டுகள் பாதி காலி. ஒரு மூலையில் அல்பம் சோடிக்கிற சாமான்கள் மட்டும் விற்காமல் கிடந்தன: பூப்போட்ட கடதாசிக் கட்டுகள், ஒட்டுப் படங்கள், படத்தின் மூலைகளில் செருகுகிற சின்னச் சின்ன முக்கோணங்கள். சீல் குத்துகிற மைப்பெட்டி ஒன்றை எடுத்து மூடியைத் திறந்தேன். அந்த மை மணம் மூக்கில் ஏறியதும் யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. திரும்பியும் பார்த்துவிட்டேன். கூப்பிட்ட பெயர் என்னுடையது அல்ல.

இதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் பதினாலாம் மாடியில் இருந்தோம். பதின்மூன்றாம் மாடி என்று ஒன்று அந்தக் கட்டடத்தில் இல்லை. எலிவேற்றரில் பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினாலு. இல்லாத மாடிக்கு மேலே குடியிருக்கிறோம் என்று அப்பா பகிடி விடுவார். அவருக்கு ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. அம்மா பிஸ்கட் கொம்பனியில் பின்னேர வேலை. ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவேன். அது பிலோ அன்ரியின் வீடு.

பிலோமினா என்ற பெயரை நாங்கள் அப்படிச் சுருக்கி வைத்திருந்தோம். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். மெலிந்த மனுஷி. கதிரையில் முதுகு சாய்த்து இருந்து நான் கண்டதில்லை, எப்போதும் எழும்பிப் போகத் தயாராக நுனியில்தான் இருப்பார். காலையில் ஒரு அச்சகத்தைத் துப்புரவாக்கும் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வரும்போது அங்கே வெட்டி எறிந்த வண்ணக் கடதாசிகளைப் பை நிறையக் கொண்டு வருவார். அவர்கள் கழித்த பழைய றப்பர் சீல்கள்கூட அவரிடம் இருந்தன. ‘அவசரம்’ என்று ஆங்கிலத்தில் ஒன்று, பிரதி என்ற பொருளில் ‘கொப்பி’ என்று ஒன்று. அன்ரிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எழுத்தைச் சுற்றியிருந்த வளைந்த கோடு அழகென்று கண்ட இடமெல்லாம் குத்துவார்.

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். ஜெசிந்தா. வீட்டில் சிந்தா. என்னைவிட நாலு மாதம் மூத்தவள். அன்ரியின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வராத அடுத்த வருடம், அன்ரி வள்ளத்தில் இந்தியாவுக்குப் போகக் கரைக்கு வந்தார். மூன்று வயதுச் சிந்தாவுக்கு அன்று கடும் காய்ச்சல். காய்ச்சல்காரப் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று ஓட்டி சொல்லிவிட்டார். இரண்டு கிழமையில் எடுப்பிக்கிறேன் என்று தமக்கையிடம் கொடுத்துவிட்டு அன்ரி ஏறினார். இந்தியாவிலிருந்து அவர் இங்கே வந்துசேர்ந்த பிறகும் மகளை எடுப்பிக்க முடியாமல், அந்த இரண்டு கிழமை ஒன்பது வருடமாக நீண்டது.

மகளின் படம் ஒன்றே ஒன்றுதான் அன்ரியோடு வந்தது. உப்புத் தண்ணீர் பட்டு அதில் முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. சட்டையின் புள்ளிகள் தெரியும், இரண்டு கைகளும் தெரியும், முகம் மட்டும் இல்லை. அல்பத்தின் முதல் பக்கத்தில் அதைத்தான் ஒட்டியிருந்தார், ரோசாக் கடதாசிச் சட்டம் போட்டு.

அடுத்த பக்கங்களை நாங்கள் இருவருமாகச் செய்தோம். ஊரிலிருந்து தமக்கையின் கடிதம் ஐந்தாறு மாதத்துக்கு ஒருக்கால் வரும். முத்திரையை வெந்நீர்ச் சாசரில் மிதக்கவிட்டுக் கழற்றுவோம். ஈரம் காயும்வரை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பிறகு பக்கத்தின் ஓரங்களில் ஒட்டுவோம். நான் நட்சத்திரம் வெட்டுவேன். ஐந்து முனையும் ஐந்து அளவில் வரும். “நட்சத்திரம் தூரத்திலை நிக்கிறது, அப்பிடித்தான் தெரியும்” என்பார் அன்ரி.

ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு படம் வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் படம் எடுப்பார்கள் அல்லவா, பெரிது ஒன்றும் சின்னது எட்டுமாக ஒரே தாளில் வரும். அம்மா சின்னவற்றை வெட்டி ஊருக்குக் கடிதங்களோடு அனுப்புவார். மிஞ்சுவதில் ஒன்றை அன்ரிக்குக் கொடுப்பார். ஏழு வயதில் முதல் தரம் நான் கண்ணெதிரே கண்டேன். என் படத்தை அன்ரி பக்கத்தின் நடுவில் ஒட்டி, கீழே தன் வடிவான கையெழுத்தில் ‘சிந்தா, ஏழு வயது’ என்று எழுதினார். நான் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“அவளும் இப்ப இவ்வளவு வளர்ந்திருப்பாள். முகத்தைக் கொஞ்ச நாளைக்கு இரவல் தா பிள்ளை. அவள் வந்ததும் திருப்பித் தாறன்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. பென்சிலைத் தவிர வேறெதையும் அதுவரை யாரும் என்னிடம் இரவல் கேட்டதில்லை. படத்துக்குக் கீழே ‘கொப்பி’ என்ற சீல் ஒன்றையும் நானே குத்தினேன்.

எட்டு வயதில் இன்னொன்று. ஒன்பதில் இன்னொன்று. இதற்கிடையில் அன்ரி என் வகிட்டை வலப்பக்கம் மாற்றி வாரத் தொடங்கினார். சிந்தாவுக்குப் பிடித்த மாப்பால் கரைத்துத் தருவார். சில பின்னேரங்களில் “சிந்தா, கத்தரிக்கோலை எடு” என்பார். நானும் எடுத்துக் கொடுப்பேன். திருத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்தக் காலத்தில்தான் எனக்குக் கரை வரத் தொடங்கியது. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வகுப்பில் கணக்குச் செய்துகொண்டிருக்கும்போது வரும். ஒரு பெண் என்னைத் தூக்கி வைத்திருக்கிறாள். என் உடம்பு கொதிக்கிறது. எதிரே ஒரு வள்ளம் சின்னதாகிக்கொண்டே போகிறது. அதில் இருக்கிறவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் கொழும்பிலிருந்து விமானத்தில் வந்தவர்கள், அம்மாவிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தியிருக்கிறேன். அன்ரி சொன்ன கதையைப் பிள்ளை மனம் படமாக்கியிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்ரி சொன்ன கதை வள்ளத்திலிருந்து கரையைப் பார்த்தது. எனக்கு வந்தது கரையிலிருந்து.

ஒரு நாள் கடிதம் வந்தது, சிந்தாவுக்கு மலேரியா என்று. அன்ரி வாசித்துவிட்டு, எழும்பி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பொழுதுபடுவதற்குள் எனக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. ஈரத் துவாயும் கஞ்சியுமாக அன்ரி பக்கத்திலேயே இருந்தார். வகுப்பில் இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கு அதே காய்ச்சல், டாக்டரும் அதைத்தான் சொன்னார். இருந்தாலும் அதற்குப் பிறகு நான் படிகளில் கவனமாகத்தான் இறங்கினேன். நான் விழுந்தால் அங்கே அவளும் விழுவாள் என்று ஒரு பயம்.

பத்து வயதில் அன்ரி எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டு, தலையில் வெள்ளை வலை வைத்துப் படம் எடுத்தார். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை எடுக்கிற முதல் நன்மைப் பக்கத்துக்கு. அதைப் போட்டபடியே, எனக்கு நல்ல வடிவு என்ற எண்ணத்தில், அம்மாவுக்குக் காட்ட வீட்டுக்கு ஓடினேன். நாங்கள் சைவக்காரர். அம்மா என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு எதிர்வீட்டுக்குப் போய் அல்பத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். அவர் சத்தம் போடவில்லை.

“உங்கடை துக்கம் எனக்கு விளங்குது அக்கா. ஆனால் என்ரை பிள்ளையின்ரை முகத்துக்குக் கீழை இன்னொரு பேர் எழுத வேண்டாம்.”

அதன்பிறகு அம்மா அன்ரிக்குப் படம் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நூல்நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். எப்போதாவது அன்ரியின் கதவு திறந்திருக்கும்போது மேசையில் அல்பம் தெரியும். பதினோராம் வயதுப் பக்கத்தை அவர் சோடித்து முடித்திருந்தார். பச்சைக் கடதாசி, ஓரத்தில் முத்திரைகள், நாலு மூலையிலும் முக்கோணம். நடுவில் ஒன்றும் இல்லை.

அதே நேரத்தில் ஊரிலிருந்து கடிதங்களும் நின்றன. ஐந்து மாதம் எட்டு மாதமாகி, பிறகு ஒரு வருடமும் தாண்டியது. அன்ரி வேலைக்குப் போய் வந்தார். யாரோடும் பேசவில்லை. பெரியவர்கள் சண்டை, முகாம், பாதை பூட்டு என்றார்கள். எனக்குக் காரணம் தெரியும். படம் இல்லாததால்தான் அவள் இல்லாமல் போய்விட்டாள். அப்படி நம்பினேன், பதினோரு வயதில், சத்தியமாக.

ஒரு சனிக்கிழமை அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது, அலுமாரியிலிருந்த தாளிலிருந்து ஒரு சின்னப் படத்தை வெட்டினேன். கோணலாகத்தான் வெட்டினேன். பின்பக்கத்தில் ‘சிந்தா’ என்று நானே எழுதினேன். கொரிடோரில் ஆள் இல்லை. கதவின் கீழ் இடைவெளியால் உள்ளே தள்ளினேன். நான் விரலை எடுக்குமுன் உள்ளேயிருந்து யாரோ படத்தை மெல்ல இழுத்துக்கொண்டார்கள். அன்ரி கதவுக்கு அந்தப் பக்கம் நிலத்தில்தான் இருந்திருக்கிறார், எவ்வளவு நேரமாகவோ.

மூன்றாம் கிழமை கடிதம் வந்தது. சிந்தாவும் அவளை வளர்த்த பெரியம்மாவும் கொழும்புக்கு வந்துவிட்டார்கள், விசா அலுவல் சரிவருகிறது என்று. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

விமான நிலையத்துக்கு நாங்களும் போனோம். அம்மாவின் மனம் அதற்குள் இளகியிருந்தது. கதவு திறந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். உயரமாக, கறுப்பாக, நெற்றியில் ஒரு தழும்போடு ஒரு பிள்ளை வந்தாள். அன்ரி அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவளைத் தாண்டி நடந்தார், பின்னால் வருகிறவர்களின் முகங்களைத் தேடிக்கொண்டு. அந்தப் பிள்ளை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா” என்றாள். அன்ரி திரும்பினார். ஆனால் அவர் கண் முதலில் வந்து நின்றது என் முகத்தில். அதைச் சிந்தாவும் கண்டாள்.

சில நாள் கழித்து அவள் அல்பத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“உது ஆர்?”

“நான்.”

“பேர் என்ரை.”

கிழிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னாள். சாசரில் மிதந்த முத்திரை, கோணல் நட்சத்திரம், ஈரத் துவாய், கதவின் கீழால் போன படம் எல்லாம் சொன்னேன். பல பின்னேரங்கள் கேட்டாள். பிழைவிட்டால் திருத்தும் அளவுக்குக் கேட்டாள். பதிலுக்கு நான் கரையைப் பற்றிச் சொன்னேன். அவள் அல்பத்தை மூடினாள். “எனக்கு அது ஒண்டும் ஞாபகமில்லை. நீயே வைச்சிரு” என்றாள்.

அடுத்த வருடம் நாங்கள் ஒஷாவாவுக்குக் குடிபோனோம். பிறகு கலியாண வீடுகளில் காண்பதுதான். எங்கள் ஒஷாவா வீட்டின் நிலவறையில் ஒருமுறை வெள்ளம் புகுந்து அம்மாவின் படப் பெட்டிகள் எல்லாம் கூழாகிப் போயின. ஊருக்கு அனுப்பியவை, அவற்றை வைத்திருந்த வீடுகளோடு சண்டையில் போய்விட்டன.

மூன்று வருடங்களுக்கு முன் பிலோ அன்ரி மார்க்கம் நகரில் மகள் வீட்டில் காலமானார். உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலையில் ஒரு மேசையில் அந்த அல்பத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் புரட்டிப் பார்த்து, சின்ன வயதில் சிந்தா எவ்வளவு வெள்ளை என்றார்கள். சிந்தா எழும்பிப் பேசினாள். சென் ஜேம்ஸ் ரவுணில் தானும் அம்மாவும் பள்ளிக்கூடம் விட்ட பின்னேரங்களில் முத்திரை கழற்றியதை, தனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா ஈரத் துவாயோடு இருந்ததைச் சொன்னாள். சபை அழுதது. நானும் அழுதேன். அவள் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவளுக்கு அது நடந்திருந்தது.

பிறகு வந்து என் கையைப் பிடித்தாள். “நான் சொன்னதிலை பிழை ஏதும் இருந்ததோ?”

“இல்லை.”

“கரை உனக்கு இன்னும் வாறதோ?”

“ஓம். ஒரு பொம்பிளை தூக்கி வைச்சிருக்கிறா. பெருவிரலிலை துணி சுத்தியிருக்கு.”

அவள் கை இறுகியது. “பெரியம்மா அண்டைக்கு விடிய மீன் வெட்டேக்கை விரலை வெட்டினவ. அம்மா உனக்குச் சொன்னவவோ?”

“தெரியேல்லை, சிந்தா.” உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

பெட்டியை மூடுமுன் அல்பத்தை எடுத்து வந்து, “அம்மாவோடை வைக்கட்டோ?” என்று கேட்டாள். என் ஏழு வயது முதல் பதினொன்று வரையான முகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒரு படத்தையாவது கழற்றித் தா என்று கேட்டிருக்கலாம். “அது உன்ரைதானே” என்றுதான் வாயில் வந்தது. அன்ரியின் கைகளுக்குக் கீழே அதை வைத்தாள். மூடினார்கள்.

அந்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். எட்டுச் சின்னப் படம் உள்ள தாள்களை இப்போது யாரும் ஊருக்கு வெட்டி அனுப்புவதில்லை. எனக்குக் கரை வருவதும் அந்த அடக்கத்தோடு நின்றுவிட்டது. சொற்கள் இருக்கின்றன, உங்களுக்குச் சொன்னேனே. காட்சி இல்லை. சரி, இரவலாக வந்தது போய்விட்டது என்று விட்டுவிடுவேன். ஆனால் இப்போதெல்லாம் கண்ணை மூடி அந்தப் பதினாலாம் மாடி வீட்டை நினைத்தால், யன்னல் தெரிகிறது, மேசை தெரிகிறது, கதிரை நுனியில் அன்ரி தெரிகிறார். எதிரே நெற்றித் தழும்போடு சிந்தா இருந்து நட்சத்திரம் வெட்டுகிறாள். என்னை அங்கே காணவில்லை.