ஊசி உடையாத லைன்

அந்தக் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார்கள். வரிசையாகப் போட்ட தையல் மெஷின்களுக்கு லைன் என்று பெயர். கடைசி லைனின் சூப்பர்வைசரை நேரில் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'கைதட்டு அக்கா' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

தைக்கும்போது ஊசி உடைந்தால் உடனே கையைத் தூக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி டேப்பில் ஒட்டி சூப்பர்வைசரிடம் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் லைன் மொத்தமும் நிற்கும். தரையெல்லாம் காந்தத்தை இழுத்து, தைத்து வைத்த கட்டுகளைப் பிரித்து, கிடைக்கும்வரை தேடுவார்கள். போட்டுக்கொள்ளப் போவது பச்சைக் குழந்தை, விளையாட்டுக் காரியமா?

இந்த விதியோடு அக்கா தன் கைச்சரக்கு ஒன்றையும் சேர்த்தாள். ஊசியே உடையாத நாளில், மணி அடித்ததும் லைன் முழுக்க எழுந்து நின்று கைதட்ட வேண்டும். அன்றைக்கு வெளியே முதலில் போவது அவர்கள்தான், கம்பெனி வண்டியில் ஜன்னலோர இடமும் அவர்களுக்குத்தான். ஊசி உடைந்த நாளில் அதெல்லாம் கிடையாது. திட்டும் கிடையாது. அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். உடைத்தவளின் முதுகை மற்றவர்கள் பார்ப்பார்கள்.

கொஞ்ச மாதத்தில் அந்த லைனில் ஊசி உடைவதே அடியோடு நின்றுபோனது. இரும்பு ஊசி இவள் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு உடையாமல் இருக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. பல வருஷம் மெஷினில் உட்கார்ந்து தைத்தவள் அக்கா, அவளாவது யோசித்திருக்க வேண்டும். மேனேஜர் மற்ற சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு, "அந்தம்மாகிட்டப் போய்க் கத்துக்குங்க" என்றார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம்தான் சட்டைக்குள் இரும்பு இருந்தால் கத்தும் மெஷின் ஒன்றைப் புதிதாக வாங்கிப் பேக்கிங்கில் வைத்தார்கள். வந்த வாரமே அது கத்தியது. ஒரு சட்டையின் காலர் மடிப்புக்குள் ஊசி முனை இருந்தது. கைதட்டு வாங்கிய லைனின் சட்டை.

அக்கா லைனை நிறுத்தி, யார் என்று கேட்டாள். ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கேட்டாள். கடைசியில் காலர் தைக்கிறவள் எழுந்தாள். அதிர்ந்து பேசத் தெரியாதவள்.

"நான்தான்க்கா. முனையைத் தேடினேன், கிடைக்கல."

"கையைத் தூக்கியிருக்கலாமே? நான் என்னைக்காவது உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்லக்கா. ஆனா என்னால எல்லாருக்கும் கைதட்டு போயிடுமே."

"புது ஊசி ஏது?"

"கடையில வாங்கி வெச்சிருக்கேன்."

அக்கா பதில் சொல்வதற்குள், பாக்கெட் தைக்கும் பெரியவர், லைனே சித்தப்பா என்று கூப்பிடுபவர், எழுந்து வந்தார். அடையாள அட்டையின் உறைக்குள்ளிருந்து ஓர் ஊசியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அவளை மட்டும் நிக்க வெச்சுக் கேக்காதம்மா" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருவன். தலைத்துணி, பர்ஸ், டிபன் பாக்ஸ் மூடி என்று எங்கிருந்தெல்லாமோ ஊசிகள் வந்தன. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி என்பார்கள். இத்தனை மாதமாக அங்கே விழுந்த ஊசி எதுவும் அக்காவின் காதில் விழவில்லை.

மேனேஜருக்குக் காலர்க்காரி விஷயம் மட்டும் போனது. அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "உங்க மேல தப்பில்லம்மா. நீங்க எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யறீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அக்கா மேஜைமேல் வந்த ஊசிகளைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். அந்தத் தலையாட்டல்தான் அவளை அன்று சாப்பிட விடவில்லை.

"நீ யாரையும் திட்டினதுகூடக் கிடையாதே, உனக்கு என்ன வந்துச்சு?" என்றான் புருஷன்.

"திட்டியிருந்தாத் தேவலை. அழுதுட்டாவது உண்மையைச் சொல்லியிருப்பாங்க. நான் நல்லவளா இருந்தே எல்லாரையும் பொய் சொல்ல வெச்சிருக்கேன்."

சொல்லும்போதே அவளுக்கு இன்னொன்று உறைத்தது. புது மெஷின் வருவதற்கு முன்னால் போன சட்டைகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன? எந்தக் குழந்தை ஏன் அழுகிறது என்று தெரியாமல் எந்தத் தாய் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள்? அவள் வாங்கின கைதட்டல் எல்லாம் அந்தக் குழந்தைகளின் கழுத்தில் போய் நின்றது.

காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போய், ஒன்று விடாமல் கொட்டினாள். "அனுப்பின சட்டையெல்லாம் திரும்ப வரணும் சார். கடைகளுக்குச் சொல்லியாகணும். அவளையும் கூப்பிடணும்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு ஆளை அனுப்பினாத்தானேம்மா மத்தவங்களுக்குப் பயம் வரும்?"

"பயம் வந்ததனாலதான் சார் இது நடந்துச்சு."

அவர் சட்டைகள் போன கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தார். கடைகளிடம் சட்டைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். காலர்க்காரியை வரச் சொன்னார். அக்காவைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி, அதே லைனில் மெஷினுக்கு அனுப்பினார். இடம் காலர்க்காரிக்குப் பக்கத்தில் கிடைத்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்கு முகமில்லை.

உட்கார்ந்த சில நாளிலேயே, சட்டைக் கையின் மடிப்பைத் தைக்கும்போது சடக்கென்றது. ஊசி போயிற்று. ஒரு துண்டு மெஷினில் இருந்தது, முனையைக் காணோம்.

கையைத் தூக்க வேண்டியதுதான். அந்த விதியை ஊருக்கே ஓதியவள் அவள். ஆனால் கை எழும்பவில்லை. எல்லோரும் முதுகைப் பார்ப்பார்களே என்று தோன்றியது. சட்டையை உதறிப் பார்த்துவிட்டுப் பேசாமல் அடுத்ததை எடுத்துவிடலாம், ஊசி வேண்டுமானால் சித்தப்பாவிடம் இல்லாமலா போகும் என்றும் தோன்றியது. இவ்வளவு நடந்த பிறகும், அவளுக்கே. அந்த நினைப்பு வந்ததில் அவள் கூசிப்போனாள். தன் முகம் தொங்கிய அத்தனை சாயங்காலமும் இவர்கள் எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கையைத் தூக்கினாள்.

லைன் நின்றது. யாரும் அவள் முதுகைப் பார்க்கவில்லை. காலர்க்காரி காந்தத்தை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"காலைக் கொஞ்சம் நகர்த்துங்கக்கா, தேடுவோம். கிடைக்காம எங்க போகும்?"

அக்கா காலை நகர்த்தினாள். கண்ணில் நீர் முட்டி, தரையே தெரியவில்லை. அவளும் மெஷினுக்கு அடியில் இறங்கித் தேட ஆரம்பித்தாள்.