வெறும் மைதானத்துக்கு ஒரு கும்பிடு

அவர் யுத்தம் முடிந்து மலாயாவிலிருந்து திரும்பிய பென்சன்காரர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெற் நடந்தால் சால்வையும் குடையுமாக வந்துவிடுவார். ஆனால் முதல் பந்து வீசுமுன் எழுந்து போய்விடுவார். ஒருநாள் பக்கத்தில் இருந்த நான் காரணம் கேட்டேன்.

"சண்டைக்கு முந்தி ஒருக்கா ஜப்பானுக்குப் போனனான், தம்பி. அங்கை பேஸ்போல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போச்சினம். விளையாட வந்தவங்கள் தொப்பியைக் கழட்டி, வெறும் மைதானத்தைக் குனிஞ்சு கும்பிட்டாங்கள். உள்ளுக்கை ஏதோ சாமி இருக்கெண்டு நினைச்சு, நானும் எழும்பிச் சால்வையை இடுப்பிலை கட்டிக் கும்பிட்டன். பக்கத்திலை இருந்தவர் சிரிக்கேல்லை. தன்ரை சோத்துப் பெட்டியை என்னட்டை நீட்டினார். எவ்வளவு நல்ல சனமெண்டு எல்லாரிட்டையும் சொல்லித் திரிஞ்சன்."

"பிறகு?"

"பிறகு அந்த ஜப்பான்காரங்கள் படையோடை மலாயாவுக்கு வந்தாங்கள். காவலுக்கு நிண்டவனுக்குக் குனியேல்லை எண்டு என்ரை மகனைத் துவக்குப் பிடியாலை அடிச்சே சாக்காட்டினாங்கள்."

பிள்ளைகள் களத்தில் இறங்கினார்கள். ஒருவன் உதட்டைக் குவித்துச் சீக்கையடித்தபடி வந்தான், இன்னொருவன் முதுகைச் சொறிந்தான்.

"எங்கடை பெடியள் குனியேல்லை. எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். முதல் பந்துக்காகப் பிள்ளைகள் எல்லோரும் முழங்காலில் கைவைத்துக் குனிந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.