ராக்கெட் வாத்தியாரின் வாசகர்கள்

வாடகை நூல் நிலையத்தில் உட்காருகிறவளுக்குக் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். எழுபதுகளில் செங்கல்பட்டு ரயிலடிப் பக்கம் அப்படி ஒரு கடையை ஏழு வருஷம் நடத்தினேன். துப்பறியும் கதை, குடும்பக் கதை எல்லாம் இருந்தன. ஆனால் அலமாரியில் தங்காதவை ஒரே ஒருவரின் விஞ்ஞானக் கதைகள்தான். அவரை எங்கள் வாசகர்கள் 'ராக்கெட் வாத்தியார்' என்பார்கள். ஒரு எழுத்தாளர்மேல் பைத்தியமாகி, எதிரில் வந்தவர்களை எல்லாம் நிறுத்திவைத்துக் கதை சொல்லி அறுத்தவரா நீங்கள்? அப்படியானால் இவர்கள் உங்கள் ஜாதிதான்.

நாய் பிழைத்தது

மாமல்லபுரம் பஸ்ஸின் கண்டக்டர் தாமோதரன் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்தார். புத்தகத்தின் கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். ராக்கெட்டில் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஒரு விஞ்ஞானியும் அவர் நாயும். "பஸ் எடுக்க பத்து நிமிஷம்தான் கீதுக்கா. முடிவு தெரியாம எப்டி விசிலு ஊதறது?" என்றார். நான் படித்த கதைதான். முடிவை ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். ஒரே ஒரு மாற்றம் செய்தேன், மனசு கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து மெட்ராஸில் முழுப் புத்தகம் அவர் கையில் கிடைத்திருக்கிறது. நேராக என் மேஜைக்கு வந்தார். குட்டு உடைந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னார்: "அவரு நாயைச் சாவடிச்சுட்டாருக்கா. நீ ஒட்டனதைக் கிழிச்சிடாத, அதான் கரெக்டு."

கடல் இல்லாத ஊர்

அதே பஸ்ஸில் கருவாட்டுக் கூடையோடு வருவாள் அஞ்சலை. எழுத்து தெரியாது. பள்ளிக்கூடம் போகும் மகள் வாசிக்க, மீன் காயவைக்கும் பெண்களெல்லாம் உட்கார்ந்து கேட்பார்களாம். செவ்வாயில் மனிதர்கள் குடியேறும் கதையை எடுத்துப் போனவள், மறுவாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"கதை சோக்காதான் கீது. ஆனா கடலே இல்லாத ஊருக்கு இன்னாத்துக்கு இம்மாந்தூரம் போறானுங்க?"

ஓரத்தில் நடந்த சண்டை

விஞ்ஞான ஆசிரியர் சபாபதி கையில் சிவப்பு மை இல்லாமல் படிக்க மாட்டார். 'சந்திரனில் காற்று இல்லை. கொடி எப்படிப் படபடக்கும்?' என்று ஓரத்தில் எழுதுவார். அடுத்த முறை புத்தகம் வரும்போது கீழே பென்சிலில் பதில் இருக்கும்: 'உன் மனசிலும் காற்று இல்லை.' ஒரு வருஷம் இப்படியே நடந்தது. யாரென்று எனக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை புதிதாக வந்த புத்தகத்தின்மேல் இரண்டு கை விழுந்தது. ஒன்று சபாபதி சாருடையது. மற்றது தையற்கடை சலீம் பாயுடையது. அவர் காதில் பென்சில். சார் அந்தப் பென்சிலையே முறைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மைக்கூட்டை நகர்த்தி வைத்தேன். கடைசியில் சார் கையை எடுத்தார்.

"நீங்களே முதல்ல படிங்க பாய். உங்க பென்சில் இல்லாத புத்தகம் எனக்கு இப்பல்லாம் போரடிக்குது."

எழுத வந்தவர்

அப்புறம் இரண்டு வருஷம் ராக்கெட் வாத்தியாரின் புதுப் புத்தகமே வரவில்லை. 'இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்' என்று யாரோ சொல்ல, மனுஷர் வெறுத்துப்போய் எழுதுவதையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். எனக்குப் பொறுக்கவில்லை. நீளமான தாள் ஒன்றை மேஜையில் வைத்தேன். வந்தவர்களெல்லாம் ஆளுக்கு இரண்டு வரி எழுத, தாளோடு தாள் ஒட்டிக்கொண்டே போனேன். பதிப்பகத்தின் முகவரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஒரு மாதமாகியும் பதில் இல்லை.

ஒரு காலை, நல்ல கூட்டம். ஒல்லியான ஒருவர் வந்து, துணிப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். "இதுல எழுதியிருக்கறவங்க எல்லாம் நிஜமான ஆளுங்களாம்மா?" வரிசையைக் கைகாட்டினேன். திரும்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பேனாவை வாங்கி, அந்தத் தாளின் பின்பக்கத்தில் குனிந்து எழுத ஆரம்பித்தார். தலைகீழாகத்தான் படித்தேன்: 'அத்தியாயம் ஒன்று.' என் கண் நிறைந்துவிட்டது.

அவருக்குப் பின்னால் நின்ற சைக்கிள் கடைக்காரர் பொறுமையிழந்து கத்தினார்: "இன்னா பெரியவரே, எழுதறதுன்னா வூட்ல குந்திகினு எழுது. ராக்கெட் வாத்தியார் புக்குக்கு அரை மணியா நின்னுகினு கீறேன்!"

நூறு வருஷம் தள்ளி நடக்கப்போவதைச் சொன்னவரின் புத்தகங்களை ஏழு வருஷம் கட்டி மேய்த்தும், எடுத்துப் போனவர் அதை எந்தக் கிழமை திருப்பித் தருவார் என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை.