பச்சிங்கோ பலகை

மாலை நாலே முக்காலுக்குத் தம்பியைக் காணோம் என்பது எங்களுக்குத் தெரிந்தது. எப்போதிருந்து காணோம் என்பதுதான் தெரியவில்லை.

போன வாரம் ராமநாதபுரத்து ஜவுளிக்கடைக் கூட்டத்தில் என் மகளைத் தவறவிட்டு, தேடி, கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து, என் சின்ன வயதில் பெரியபட்டினத்து வீட்டில் தம்பியைத் தேடிய அந்தச் சாயங்காலமே மனத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உம்மாவுடன் பிறந்த இளையவர், சரக்குக் கப்பலில் வேலைபார்த்த மாமா, ஜப்பானிலிருந்து பழைய பச்சிங்கோ பலகை ஒன்றைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஆணிக்காடு. கைப்பிடியைச் சுண்டினால், கோலியைவிடச் சிறிய எஃகுக் குண்டு மேலே பாய்ந்து, ஆணிக்கு ஆணி முட்டிக் கலகலவென்று இறங்கும். சரியான துளையில் விழுந்தால் கை நிறையக் குண்டுகள் கொட்டும்.

"மொதல்ல மிட்டாய்க் கடையில பிள்ளைக ஆடுனதுலே இது. ஒலகச் சண்டை முடிஞ்சு சனம் ஒண்ணுமில்லாமக் கெடந்தப்ப பெரியவங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. செயிச்ச குண்டைக் குடுத்தா சோப்பு, சிகரெட்டு," என்பார் மாமா.

"அப்ப சூதா மாமா?"

"சோப்புக்கு ஆடுனா எப்படிலே சூதாகும்?"

தீர்ப்புச் சொல்லவேண்டிய வாப்பா துபாயில் இருந்தார்.

அன்று உம்மா மவுத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கக் கிளம்பும்போது மூன்று வயதுத் தம்பியை என்னிடமும் மாமாவிடமும் விட்டிருந்தார். நாங்கள் பலகை முன்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தோம். குண்டு எங்கே விழும் என்பதை இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று தோன்றும். கடைசி ஆணி அதை வேறு பக்கம் தள்ளிவிடும். உடனே இன்னொன்று. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது.

கடல் வீட்டுக்குப் பின்னால்தான். மாமா கைலியோடு இறங்கினார். மார்பளவு தண்ணீரில் நின்று இரு கைகளாலும் துழாவினார். நான் கரையில் நின்று தெரிந்ததையெல்லாம் ஓதினேன்.

உம்மா கரைக்கு வந்தார். இடுப்பில் தம்பி, அவன் வாயில் பேரீச்சம்பழம்.

"அழுதுக்கிட்டே பின்னால வந்தான், தூக்கிட்டுப் போறேன்னு வாசல்ல நின்னு சொன்னேனே. 'சரி லாத்தா'ன்னு நீதானே சொன்னே?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா இன்னும் மார்பளவு தண்ணீரில்தான் நின்றார். உம்மாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. பிள்ளைதான் பத்திரமாக இடுப்பில் இருக்கிறானே, மாமாவைப் பார்த்து எதற்கு அழவேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

"மொதல்ல நீ மேல ஏறி வாலே," என்றார் உம்மா.